வேலைய வெளிய குடுக்கறதா, உள்ளேயே வெச்சுக்கறதா: சர்வீஸ் கம்பெனிகள் பார்க்க வேண்டிய கணக்கு

சர்வீஸ் கம்பெனில அவுட்சோர்சிங், அதாவது வேலைய வெளி கம்பெனிக்கு குடுக்கறது, பத்தி பேச்சு எடுத்தாலே ஒரு எக்செல் ஷீட் வந்துடும். ஒரு பக்கம் நம்ம ஆளுங்க சம்பளம், இன்னொரு பக்கம் வெண்டர், அதாவது அந்த வேலைய எடுத்து செய்யற வெளி கம்பெனி, சொன்ன ரேட், கழிச்சா ஒரு நம்பர், அந்த நம்பர் பெருசா இருந்தா குடுத்துடலாம்னு முடிவு பண்ணிடறாங்க. நான் பார்த்த வரைக்கும் அந்த ஷீட்ல ஒரு கேள்வி மட்டும் வரவே வராது. அதே வேலைய வெண்டர் நம்மள விட கம்மி காசுக்கு எப்படி செய்யறார்? அவரும் ஆள் எடுக்கணும், சம்பளம் குடுக்கணும், வாடகை கட்டணும், அதுக்கு மேல லாபமும் பார்க்கணும். இவ்வளவும் பண்ணிட்டு நமக்கு மிச்சம் காட்டறார்னா அந்த மிச்சம் எங்கிருந்தோ வந்தாகணும். அது எங்கிருந்து வருதுனு தெரிஞ்சுட்டா எந்த வேலைய குடுக்கலாம், எதை குடுக்கக்கூடாது, எந்த மாதிரி குடுக்கலாம்ங்கறதுல பாதி தெளிவாயிடும்.

முதல்ல, நியாயமான மிச்சம் எங்க இருக்குனு பார்ப்போம். பொருள் செய்யற கம்பெனி, சீசனுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே செஞ்சு குடோன்ல அடுக்கி வெச்சுக்கலாம். சர்வீஸ அப்படி வெக்க முடியாது. கஸ்டமர் இப்ப கூப்பிடறார்னா இப்பதான் எடுக்கணும், காலைல சும்மா உக்காந்திருந்த ஆளோட நேரத்தை எடுத்து சாயங்கால கூட்டத்துக்கு சேர்த்துவிட முடியாது. கூட்டம் உச்சத்துல இருக்கற நேரத்துக்கு ஆள் வெச்சா மத்த நேரம் பாதி பேர் வேலையில்லாம இருப்பாங்க, சராசரிக்கு வெச்சா கூட்ட நேரத்துல கஸ்டமர் லைன்ல நின்னு கடுப்பாகி கட் பண்ணிட்டு போயிடுவார். இந்த ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கறதுதான் சர்வீஸ் தொழிலோட நிரந்தர கஷ்டம், அவுட்சோர்சிங் இந்த தொழில்ல இவ்வளவு பரவுனதுக்கு சம்பள வித்தியாசத்தை விட இதுதான் ஆழமான காரணம்னு நான் நினைக்கறேன்.

ஒரு கால் சென்டர் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு மணி நேரத்துல 100 கால் வருது, ஒவ்வொண்ணும் சராசரியா 6 நிமிஷம். மொத்தம் 600 நிமிஷ பேச்சு, அதாவது 10 பேர் மூச்சு விடாம பேசினா சரியா முடியற வேலை. ஆனா 10 பேர் மட்டும் வெச்சா க்யூ வளர்ந்துகிட்டே போகும், ஏன்னா கால் வரிசையா ஒழுங்கா வராது, ஒரு நிமிஷம் ஒண்ணுமே வராது, அடுத்த நிமிஷம் ஆறு வந்து நிக்கும். இந்த சிக்கலுக்கு கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனில வேலை பார்த்த ஏ.கே.எர்லாங்னு ஒரு டேனிஷ் கணிதக்காரர் 1917லயே ஃபார்முலா போட்டு வெச்சுட்டார், இன்னைக்கும் ரோஸ்டர் போடற சாஃப்ட்வேர் நிறைய அதை வெச்சுதான் ஓடுது. நூத்துக்கு 80 காலை 20 செகண்டுக்குள்ள எடுக்கணும்னா, அந்த ஃபார்முலா படி 14 பேர் சீட்ல இருக்கணும். லீவு, டீ பிரேக், ட்ரெய்னிங், மீட்டிங்னு ஒரு 30 சதவீதம் போகும்னு வெச்சுக்கிட்டா லிஸ்ட்ல 20 பேர் வேணும். 10 பேர் வேலைக்கு 20 பேர்.

இப்ப இதே மாதிரி இன்னொரு கம்பெனி பக்கத்துல இருக்கு, அவங்களுக்கும் மணிக்கு 100 கால். தனித்தனியா பண்ணா 14ம் 14ம் 28 சீட். ரெண்டு கம்பெனி காலையும் ஒரே குழு எடுத்தா அதே 80க்கு 20 அளவுக்கு 25 சீட் போதும். யாரோட சம்பளத்துலயும் கை வெக்கல, யாரையும் அவசரப்படுத்தல, மூணு சீட் மிச்சம். வெண்டர் சொல்ற மிச்சம் இந்த மாதிரி இடத்துலருந்து வந்தா அது நிஜமான மிச்சம், நாமளா எவ்வளவு முயற்சி பண்ணாலும் தனியா இருந்துகிட்டு அதை எடுக்க முடியாது. ஒரு கண்டிஷன் இருக்கு, அந்த 25 பேருக்கும் ரெண்டு கம்பெனி வேலையும் தெரிஞ்சிருக்கணும். நமக்குன்னே தனி டீம் வேணும்னு கேட்டு வாங்கறோம்ல, அந்த நிமிஷமே இந்த மிச்சம் போயிடுது, ஆனா ரேட் மட்டும் குறையணும்னு எதிர்பார்க்கறோம், அப்புறம் வெண்டர் வேற எங்கயோ கை வெக்கத்தான் செய்வார்.

ராத்திரி ஷிஃப்ட் இன்னும் மோசம். வாரத்துக்கு 168 மணி நேரம், ஒரு ஆள் 40 மணி நேரம் வேலை செஞ்சா ஒரு சீட்டை 24 மணி நேரமும் நிரப்ப 4.2 ஆள் வேணும், லீவு மட்டும் சேர்த்தாலே கிட்டத்தட்ட அஞ்சு. ஒருத்தர் பாத்ரூம் போனா ஃபோன் எடுக்க ஆள் வேணும்னு ரெண்டு சீட் வெச்சா பத்து பேர். ராத்திரி ரெண்டு மணிக்கு வர்றது மணிக்கு மூணு நாலு கால்தான். அந்த மூணு நாலு காலுக்காக தனியா ஒரு நைட் டீம் நடத்தறது சின்ன கம்பெனிக்கு கட்டவே கட்டாது. இதே கால் வேற நேர மண்டலத்துல பகல்ல உக்காந்திருக்கற ஒருத்தர்கிட்ட போனா அவருக்கு அது பகல் வேலை, தூக்கம் கெடாது, உடம்பும் கெடாது.

அடுத்த நியாயமான காரணம், எப்பவாவது மட்டும் தேவைப்படற திறமை. பேரோல், அதாவது சம்பளக் கணக்கு போடறது, இதுக்கு ரொம்ப பழைய உதாரணம். இன்னைக்கு ஏடிபினு தெரியற கம்பெனி 1949ல அமெரிக்கால நியூஜெர்சில, மத்தவங்களுக்கு சம்பளக் கணக்கு போட்டுக் குடுக்கறதுக்காகவே ஆரம்பிச்சது. வரி விதி மாறும், பிடித்தம் மாறும், ஒரு தடவை தப்பு பண்ணா ஆளுங்க கோபம் ஒரு பக்கம் அபராதம் ஒரு பக்கம், ஆனா மாசத்துல அந்த வேலை நாலஞ்சு நாள்தான். நாப்பது பேர் கம்பெனில இதுக்குன்னு ஒரு நிபுணரை முழு நேரமா வெச்சா மீதி நாள் அவர் என்ன பண்ணுவார்? செக்யூரிட்டி மானிட்டரிங், பேக்கப், கான்ட்ராக்ட் பார்க்கற வக்கீல் வேலை எல்லாமே இந்த வகைதான்.

இதுல யாரும் அதிகம் பேசாத ஒண்ணு இருக்கு, அது அந்த வேலை செய்யறவங்களோட வளர்ச்சி. ஒரு கொரியர் கம்பெனில இருக்கற பேரோல் ஆளுக்கு மேல போக படியே கிடையாது. அவருக்கு மேல அக்கவுண்ட்ஸ் மேனேஜர் ஒருத்தர் இருப்பார், அதோட முடிஞ்சுது. கெட்டிக்காரங்க ரெண்டு வருஷத்துல கிளம்பிடுவாங்க. பேரோல் மட்டுமே பண்ற கம்பெனில அதே ஆள் டீம் லீடாகலாம், வேற நாட்டு விதிகள் கத்துக்கலாம், மேல மேல போகலாம். அதனால நல்ல ஆளுங்க அங்கதான் சேருவாங்க. நமக்கு ஓரமா இருக்கற வேலை அவங்களுக்கு நடுநாயகமான வேலை, அந்த வித்தியாசம் தரத்துல தெரியும்.

சரி, நியாயமில்லாத மிச்சம் எங்கருந்து வருது? ரெண்டு இடம். ஒண்ணு, அதே வேலைய செய்யற ஆளுக்கு சம்பளத்தையும் சலுகையையும் குறைக்கறது. க்ளீனிங், செக்யூரிட்டி, கேன்டீன் மாதிரி வேலைல இது அப்பட்டமா நடக்கும், ஏன்னா அங்க சேர்ந்து மிச்சப்படுத்த பெருசா எதுவும் இல்ல, ஒரு மாடிய கூட்ட ஒரு ஆள்தான் வேணும், வெண்டர் வந்தாலும் அதே ஒரு ஆள்தான். அங்க ரேட் குறைஞ்சதுனா கூட்டற அந்த அம்மா கைக்கு போற காசு குறைஞ்சிருக்கு, அவ்வளவுதான். அது தப்புங்கறது என் கருத்து, தப்பு மட்டும் இல்ல, அந்த மிச்சம் நிக்கவும் நிக்காது, மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஆள் மாறிகிட்டே இருக்கும், ஒவ்வொரு தடவையும் நாமதான் புதுசா சொல்லிக்குடுக்கணும். இன்னொண்ணு, தரத்தை நமக்கு தெரியாத இடத்துல குறைக்கறது. இதைப் பத்திதான் விரிவா பேசணும்.

வெளிய குடுக்கறதுக்கு ஒரு தனி செலவு உண்டுங்கறதை ரொனால்ட் கோஸ்ங்கற பொருளாதார அறிஞர் 1937லயே எழுதிட்டார். எல்லாத்தையும் மார்க்கெட்லயே வாங்கிக்கலாம்னா கம்பெனினு ஒண்ணு எதுக்குனு கேட்டு, மார்க்கெட்ட பயன்படுத்தறதுக்கே செலவு ஆகுதுனு பதில் சொன்னார். ஆள் தேடணும், விலை பேசணும், கான்ட்ராக்ட் எழுதணும், அப்புறம் ஒழுங்கா நடக்குதானு பார்த்துகிட்டே இருக்கணும். 1991ல அவருக்கு நோபல் குடுத்தாங்க. 2009ல நோபல் வாங்கின ஆலிவர் வில்லியம்சன் இதையே இன்னும் உள்ள போய் பார்த்தார்: நமக்கு மட்டுமே பொருந்தற மாதிரி ஒரு வேலைய ஒருத்தர்கிட்ட குடுத்து, ரெண்டு பக்கமும் அதுக்காக செலவு பண்ணி செட் ஆனதுக்கு அப்புறம், விலகறது கஷ்டம், அப்ப ஒருத்தர் இன்னொருத்தர் கைய முறுக்கலாம். வெண்டர் மூணாவது வருஷம் ரேட்ட ஏத்தும்போது நம்மகிட்ட அந்த வேலை தெரிஞ்ச ஆள் ஒருத்தர்கூட மிச்சம் இல்லாம நாம முழிக்கறோம்ல, அதைத்தான் அவர் சொன்னார்.

அந்த எக்செல் ஷீட்ல வராத செலவெல்லாம் இதுதான். வேலைய மாத்தற மாசங்கள்ல ரெண்டு பக்கமும் சம்பளம் போகும், நம்ம ஆள் செஞ்சுகிட்டே சொல்லிக்குடுக்கணும், அப்புறம் அவங்க செய்ய நம்ம ஆள் பக்கத்துல இருந்து பார்க்கணும். அதுக்கப்புறமும் வெண்டர பார்த்துக்க நம்ம பக்கம் ஒரு ஆள் கண்டிப்பா வேணும், அதுவும் அந்த வேலை தெரிஞ்ச ஆளா வேணும். கான்ட்ராக்ட்ல இல்லாத எது கேட்டாலும் சேஞ்ச் ரிக்வெஸ்ட்னு தனி பில் வரும். இதையெல்லாம் சேர்த்து போட்ட பிறகும் மிச்சம் தெரிஞ்சா அடுத்த கட்டத்துக்கு போகலாம்.

இப்ப வழிகளை ஒவ்வொண்ணா எடுப்போம். உள்ளேயே வெச்சுக்கறதுதான் எல்லாரும் சொல்ற மாதிரி செலவான வழி, ஆனா அதுல கிடைக்கற ஒண்ணுக்கு விலையே போட முடியாது: வேலை செய்யும்போதே கம்பெனி கத்துக்குது. கம்ப்ளெயின்ட் எடுக்கற பொண்ணு ஒரே வாரத்துல பத்து பேர் ஒரே விஷயத்துக்கு கூப்பிடறாங்கனு கவனிச்சு, எந்திரிச்சு நாலு டேபிள் தள்ளி இருக்கற பில்லிங் ஆள்கிட்ட போய், அண்ணா இந்த மெசேஜ் வர்ற விதத்துல எல்லாருக்கும் ரெண்டு தடவை பணம் போயிடுச்சுனு தோணுதுனு சொன்னா, அன்னைக்கு சாயங்காலமே வார்த்தைய மாத்திடலாம், மறுநாள் அந்த கால் எதுவுமே வராது. இந்த நாலு டேபிள் தூரம்தான் உள்ளேயே வெச்சுக்கறதோட முழு லாபமும். வெளிய குடுத்தா இது ஒரு ரிப்போர்ட்டா மாறி, மாசக் கடைசி ரிவ்யூ மீட்டிங்ல பதினஞ்சாவது ஸ்லைடுல வரும், வந்தா.

வெண்டர்கிட்ட குடுக்கறதுல எல்லாரும் ரேட்ட பத்தியே பேசறாங்க, நான் ரேட்ட விட எதுக்கு காசு குடுக்கறோம்ங்கறதைத்தான் முதல்ல பார்ப்பேன். மணிக்கணக்குல குடுத்தா வேலை இழுக்கும். சீட்டுக்கு இவ்வளவுனு குடுத்தா சீட் நிரம்பியிருக்கும், உக்காந்திருக்கறவர் திறமைக்கு கேரண்டி இல்ல. மொத்தமா மாசத்துக்கு இவ்வளவுனு பேசினா எவ்வளவு கம்மியா ஆள் வெக்கலாம்னு பார்ப்பாங்க. டிக்கெட்டுக்கு, அதாவது பதிவாகற ஒவ்வொரு புகாருக்கும், இவ்வளவுனு குடுக்கறதுதான் பார்க்க ரொம்ப நியாயமா தெரியும், அதுதான் உள்ளுக்குள்ள ரொம்ப சேதம் பண்றதும்.

எப்படினு சொல்றேன். ஒரு கஸ்டமர் கூப்பிட்டு ரெண்டு தடவை பில் வந்திருக்குனு சொல்றார். ஏஜென்ட்டுக்கு ஒரு கால் சராசரியா நாலு நிமிஷத்துல முடியணும்னு டார்கெட். நிஜமா பார்க்கணும்னா பில்லிங் சிஸ்டத்துல போய் ரெண்டு என்ட்ரியையும் எடுத்து எது தப்புனு பார்க்கணும், அது எட்டு ஒம்பது நிமிஷம் ஆகும். அதனால அவர், உங்க புகார் பதிவாயிடுச்சு சார், 72 மணி நேரத்துல சரியாயிடும்னு சொல்லி டிக்கெட்ட போட்டு மூணரை நிமிஷத்துல முடிச்சுடறார். 72 மணி நேரம் கழிச்சு ஒண்ணும் நடக்கல, கஸ்டமர் திரும்ப கூப்பிடறார், வேற ஏஜென்ட், முதல்லருந்து கதை சொல்லணும், இன்னொரு டிக்கெட். வெண்டருக்கு ரெண்டு டிக்கெட் காசு, எஸ்எல்ஏ, அதாவது கான்ட்ராக்ட்ல ஒப்புக்கிட்ட சேவை அளவுகளோட ரிப்போர்ட்ல எல்லாமே பச்சை, சராசரி நேரம் சூப்பர், அந்த கஸ்டமர் மட்டும் அடுத்த மாசம் வேற கம்பெனிக்கு போயிட்டார். அந்த ஏஜென்ட குறை சொல்றதுல அர்த்தமே இல்ல, அவர் நாம குடுத்த டார்கெட்டத்தான் செஞ்சார். ஏழு நாளுக்குள்ள அதே கஸ்டமர் அதே விஷயத்துக்கு திரும்ப வந்தா ரெண்டாவது டிக்கெட்டுக்கு காசு இல்லைனு எழுதினா நிலைமை மாறும், ஆனா அதுக்கு ரேட் கொஞ்சம் கூட கேப்பாங்க, அதை குடுக்கறதுதான் நியாயம்.

இன்னும் ஒண்ணு, ஒவ்வொரு காலுக்கும் காசு வாங்கற வெண்டருக்கு காலை குறைக்கறதுல எந்த அக்கறையும் இருக்க முடியாது. கால் வர்றதே ஆப்ல ஒரு பட்டன் சரியா தெரியலைங்கறதுக்காகன்னா அதை சொல்லிக்குடுத்தா அவர் வருமானம் போகுது. அதனால வெளிய குடுக்கறதுக்கு முன்னாடி எந்தெந்த காரணத்துக்கு கால் வருதுனு நாமளே ஒரு மாசம் உக்காந்து எண்ணிப் பார்த்து, தேவையில்லாம வர்றதை எல்லாம் மூலத்துலயே சரி பண்ணிட்டு, மிச்சம் இருக்கறதை மட்டும் குடுக்கணும். குழப்பத்தோட குடுத்தா குழப்பத்துக்கு மாசாமாசம் காசு கட்டுவோம்.

வேலை சரியா நடந்ததானு கடைசி நாள் வரைக்கும் தெரியாத வேலைகளும் இருக்கு, அதுல ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ்க்கு ஜி4எஸ் கம்பெனி 10,400 செக்யூரிட்டி ஆளுங்களை தர்றதா ஒப்புக்கிட்டிருந்தாங்க, துவக்க விழாவுக்கு ரெண்டு வாரம் போல இருக்கும்போது முழு ஆளும் தர முடியாதுனு வெளிய வந்துச்சு, கூடுதலா 3,500 ராணுவ வீரர்களை இறக்கினாங்க. பேரோல் மாசாமாசம் நடக்கும், தப்பு நடந்தா முதல் மாசமே தெரியும், திருத்தலாம். ஒரே ஒரு தடவை நடக்கற பெரிய வேலைல அந்த வாய்ப்பே இல்ல. அங்க வெண்டர் சொல்ற வார்த்தைய நம்பாம, எத்தனை பேரை எடுத்தாச்சு, எத்தனை பேருக்கு ட்ரெய்னிங் முடிஞ்சுது, எத்தனை பேருக்கு டியூட்டி ஒதுக்கியாச்சுனு வாராவாரம் பேர் லிஸ்ட்டோட கேக்கணும்.

வெண்டரோட பிரச்சனை நம்ம வாசலுக்கு வராதுனு நினைக்கறதும் தப்பு. பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானக் கம்பெனி 1997ல லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துல தன்னோட கேட்டரிங் வேலைய கேட் கூர்மே கம்பெனிக்கு வித்துட்டாங்க. 2005 ஆகஸ்ட்ல அந்த கேட்டரிங் கம்பெனி நூத்துக்கணக்கான ஆளுங்களை வேலைய விட்டு தூக்கினப்ப, பிரிட்டிஷ் ஏர்வேஸோட தரைப் பணியாளர்களே ஆதரவா வேலைய நிறுத்திட்டாங்க, விமானங்கள் ரத்தாச்சு, ஒரு லட்சத்துக்கும் மேல பயணிகள் மாட்டிக்கிட்டாங்க. சண்டை வேற கம்பெனிக்குள்ள, ஆனா டிக்கெட் வாங்கினவங்களுக்கு தெரிஞ்ச பேர் ஒண்ணுதான். பேப்பர்ல தனி கம்பெனியா இருந்தாலும் வேலை செய்யறவங்க பல வருஷமா பக்கத்து பக்கத்துல இருந்தவங்க, அந்த உறவை கான்ட்ராக்ட் பிரிக்கல.

மூணாவது வழி, வேற இடத்துல சொந்தமாவே ஒரு சென்டர் திறக்கறது, கேப்டிவ்னு சொல்லுவாங்க. ஆள் நம்ம ஆள், சிஸ்டம் நம்ம சிஸ்டம், கத்துக்கறது நம்மகிட்டயே தங்கும், இடம் மட்டும் வேற. ரகசியமான டேட்டா, சிக்கலான வேலை, ஆயிரக்கணக்குல ஆள் தேவைனா இது நல்ல வழி. ஆனா சின்னதா பண்ணா கட்டாது, ஏன்னா முப்பது பேருக்கும் ஒரு மேனேஜர், ஒரு எச்ஆர், ஒரு ஐடி ஆள், வாடகை, லைசென்ஸ் எல்லாம் வேணும். இதோட வரலாறும் யோசிக்க வைக்குது. அமெரிக்காவோட ஜிஇ கம்பெனி 1997ல இந்தியால ஆரம்பிச்ச சொந்த சென்டர் 2005ல தனியா பிரிஞ்சு ஜென்பேக்ட்னு மத்தவங்களுக்கும் வேலை செய்யற கம்பெனியாச்சு. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 1996ல தனக்காக ஆரம்பிச்சது 2002ல கைமாறி டபிள்யூஎன்எஸ்னு வெண்டராவே வளர்ந்துச்சு. ஒரே கம்பெனி வேலைய மட்டும் செஞ்சுகிட்டிருந்தா ஏத்த இறக்கத்தை பகிர்ந்துக்க முடியாது, உள்ள இருக்கறவங்களுக்கும் ஒரு அளவுக்கு மேல வளர இடம் கிடைக்காது, வெளிய கஸ்டமர் தேடினாத்தான் ரெண்டும் கிடைக்கும். முன்னாடி போட்ட 28, 25 கணக்கு இங்கயும் வேலை செய்யுது.

நாலாவது, பாதி பாதி. பகல் வேலை, கஷ்டமான கேஸ், பெரிய கஸ்டமர் எல்லாம் நம்மகிட்ட, ராத்திரியும் கூட்டம் வழியற நேரமும் வெண்டர்கிட்ட. எனக்கு நடுத்தர அளவு கம்பெனிகளுக்கு இதுதான் ரொம்ப பிடிச்ச வழி, ஆனா செஞ்சு பார்த்தவங்களுக்குத்தான் தெரியற ரெண்டு ஓட்டை இதுல இருக்கு. வழியறதை மட்டும் குடுத்தா அந்த டீம் மாசத்துல ரெண்டு நாள்தான் நம்ம காலை எடுக்கும், நம்ம ப்ராடக்ட்ல என்ன மாறுச்சுனு அவங்களுக்கு மறந்தே போயிருக்கும், அதுவும் நமக்கு ரொம்ப முக்கியமான கூட்ட நாள்லதான் அவங்க வந்து உக்காருவாங்க. அதனால தினமும் ஒரு சின்ன பங்கு, பத்துல ஒண்ணு ரெண்டு காலாவது, அவங்களுக்கு நிலையா போய்கிட்டே இருக்கணும், கை சூடா இருக்கும். ரெண்டாவது ஓட்டை இன்னும் முக்கியம்: அந்த வெண்டர் நம்ம தொழில்லயே இருக்கற இன்னும் அஞ்சு கம்பெனிக்கு வேலை செஞ்சா, நமக்கு கூட்டம் வர்ற அதே நாள்ல அந்த அஞ்சு பேருக்கும் கூட்டம் வரும். புயல் வந்தா எல்லா விமானக் கம்பெனிக்கும் ஒரே மணி நேரத்துல ஃபோன் அடிக்கும். அப்ப பகிர்ந்துக்க எதுவும் இருக்காது. உங்களோட மத்த கஸ்டமருங்களுக்கு எந்த மாசம் பீக்னு வெண்டர்கிட்ட நேராவே கேளுங்க, பேர் சொல்ல வேணாம், மாசத்தை மட்டும் சொன்னா போதும்.

தனி ஆளுங்களுக்கு, ஃப்ரீலான்ஸ்ல குடுக்கறது ஆரம்பமும் முடிவும் தெளிவா இருக்கற வேலைக்கு நல்லா ஒத்துவரும்: ஒரு டிசைன், ஒரு மொழிபெயர்ப்பு, ஒரு ரிப்போர்ட். தினமும் நடக்க வேண்டிய வேலைய ஒரே ஒரு தனி ஆள் மேல போட்டா அவருக்கு காய்ச்சல் வந்தா நம்ம சர்வீஸ் நிக்கும், அவரையும் நாம ஓய்வெடுக்க விடமாட்டோம். இதுக்கு மேல சொல்ல எதுவும் இல்ல.

டேட்டா விஷயத்துல மட்டும் எந்த வழிய எடுத்தாலும் பொறுப்பு நம்மகிட்டயேதான் நிக்கும். 2013ல அமெரிக்கால டார்கெட்ங்கற பேர்ல இருக்கற பெரிய கடைத் தொடர்ல சுமார் 4 கோடி கார்டு விவரம் திருடு போச்சு, திருடங்க உள்ள வந்தது அவங்களுக்கு குளிர்சாதன வேலை பார்த்த ஒரு கான்ட்ராக்டரோட லாகின வெச்சு. கார்டுக்கும் அந்த கான்ட்ராக்டர் வேலைக்கும் எந்த சம்பந்தமும் இல்ல, ஆனா அவருக்கு ஒரு லாகின் இருந்துச்சு, அது போதுமா இருந்துச்சு. 2018 மே மாசத்துலருந்து நடைமுறைல இருக்கற ஐரோப்பாவோட ஜிடிபிஆர்ங்கற டேட்டா பாதுகாப்பு சட்டப்படி, கஸ்டமர் டேட்டா கசிஞ்சது தெரிஞ்ச 72 மணி நேரத்துக்குள்ள, கஸ்டமர் டேட்டாவுக்கு பொறுப்பான கம்பெனி அதிகாரிகளுக்கு சொல்லணும். கசிஞ்சது வெண்டர் பக்கம்னா அவர் தாமதிக்காம நம்மகிட்ட சொல்லணும்னு இருக்கு. எவ்வளவு மணி நேரத்துல சொல்லணும்னு கான்ட்ராக்ட்ல நம்பர் போட்டு எழுதலைனா அந்த தாமதத்தை வெச்சு வக்கீலுங்க சண்டை போட்டுக்கிட்டிருக்கும்போது நம்ம 72 மணி நேரம் ஓடிடும்.

எல்லாத்தையும் வெச்சு பார்த்தா என்னோட பிரிப்பு இப்படித்தான் வரும். பேரோல், பேக்கப், ராத்திரி கால், ஆவணம் டைப் பண்றது மாதிரி, சரியா தப்பானு உடனே தெரியக்கூடிய, எல்லா கம்பெனிலயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கற வேலைய தயங்காம குடுக்கலாம், சேர்த்து செய்யறதால வர்ற மிச்சம் அங்க நிஜமாவே இருக்கு. கம்ப்ளெயின்ட், நம்மள விட்டுப் போற கஸ்டமர்கிட்ட பேசறது, விலை முடிவு பண்றது, இதெல்லாம் எவ்வளவு மிச்சம் காட்டினாலும் நான் குடுக்க மாட்டேன், ஏன்னா அடுத்த வருஷம் கம்பெனி என்ன மாத்தணும்ங்கற தகவல் அங்கருந்துதான் வருது. க்ளீனிங், செக்யூரிட்டிய குடுக்கறதா இருந்தா அந்த ஆளுங்க கைக்கு எவ்வளவு போகுதுனு கான்ட்ராக்ட்லயே எழுதி, சம்பள சீட்ட பார்க்கற உரிமையையும் எழுதி வாங்கணும். ஐடி நடுவுல நிக்குது: சர்வர் ஓட்டறது வெளிய போகலாம், எந்த சிஸ்டம் எதுக்கு வேணும்னு முடிவு பண்ற ஆளுங்க உள்ள இருக்கணும்.

பெரிய கம்பெனிகளும் இந்த முடிவை மாத்திக்கிட்டிருக்காங்க. ஜேபி மார்கன் சேஸ் வங்கி 2002 டிசம்பர்ல ஐபிஎம்மோட 7 வருஷம், 500 கோடி டாலர் மதிப்புள்ள ஐடி ஒப்பந்தம் போட்டுச்சு. 2004ல பேங்க் ஒன்ங்கற இன்னொரு வங்கியோட இணைஞ்ச பிறகு அந்த ஒப்பந்தத்தை பாதிலயே ரத்து பண்ணி, சுமார் 4,000 பேரை திரும்ப உள்ள எடுத்துக்கிட்டாங்க. இணைஞ்சதால அந்த வேலைய தானே செய்யற அளவுக்கு பெரிசாயிட்டாங்க, அப்ப வெண்டர்கிட்ட இருந்த அளவோட லாபம் அவங்ககிட்டயே வந்துடுச்சு. ஏழு வருஷ கான்ட்ராக்ட் போடும்போது ஏழு வருஷமும் நம்ம கம்பெனி இதே அளவுல, இதே மாதிரி இருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது, அதனால ரெண்டு வருஷம் போட்டு நீட்டிக்கற உரிமைய நம்ம கைல வெச்சுக்கறது எவ்வளவோ மேல், ரேட் கொஞ்சம் கூடினாலும் பரவால்ல. குறைஞ்சபட்ச வால்யூம்னு ஒரு ஷரத்து இருக்கானும் பாருங்க, கால் குறைஞ்சாலும் காசு குறையாதுனு அதுக்கு அர்த்தம், அப்படி எழுதிட்டா செலவு ஏத்த இறக்கத்தோட போகும்னு நாம போட்ட கணக்கே விழுந்துடும்.

கையெழுத்து போடறதுக்கு முன்னாடி வெளிய வர்ற வழிய பார்த்துக்கணும். கஸ்டமர் கூப்பிடற அந்த ஃபோன் நம்பர் யார் பேர்ல வாங்கியிருக்கு, வெப்சைட் டொமைன் யார் பேர்ல, டிக்கெட் சாஃப்ட்வேரோட அட்மின் லாகின் யார்கிட்ட, பழைய கால் ரெக்கார்டிங்கும் டிக்கெட் ஹிஸ்டரியும் எந்த வடிவத்துல எத்தனை நாளுக்குள்ள திரும்ப வரும், ஏஜென்டுங்க படிக்கற அந்த விடைப் புத்தகம் யாருக்கு சொந்தம். இந்த அஞ்சும் நம்ம கம்பெனி பேர்ல இருந்தா வெண்டர மாத்தறது சில மாச வேலை. ஃபோன் நம்பர் மட்டும் வெண்டர் பேர்ல இருந்துட்டா கூட, பில், விளம்பரம், வண்டி, விசிட்டிங் கார்டுனு அந்த நம்பர் எங்கெல்லாம் அச்சாகியிருக்கோ அத்தனையையும் மாத்தணும், அதனால அந்த நம்பரை நம்ம பேர்ல வாங்கி வெண்டருக்கு ஃபார்வர்ட் பண்ற ஏற்பாட்டை முதல் நாளே செஞ்சுடுங்க.